வங்காளத்தாரின்ரை கடைசி வரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாழ்ப்பாணத்துக் குருநகரிலை பிறந்து, சந்தையிலை மீன் வித்தவளுக்கு வாய் நீளாமல் வேறை என்ன நீளும்? ஆனா அந்த வாயாலைதான் தவக்காலத்துக்குத் தவக்காலம் கோயிலிலை ஆண்டவரின்ரை பாடுகளை இராகம் இழுத்து வாசிக்கிறனான். மக்டலீன் வாசிச்சா அழாத சனம் இல்லை எண்டு சொல்லுவினம். சொல்லட்டும், உண்மைதானே.

தொண்ணூற்றி மூண்டிலை நானும் மாமியும் அச்சுவேலியிலை இருந்தனாங்கள். நேவி நிண்ட மண்டைதீவுப் பக்கத்தாலை ஷெல் வந்து விழத் துவங்க, குருநகரை விட்டு வெளிக்கிட்டு, சின்னத்தங்கம் அக்காவின்ரை தோட்ட வளவிலை புகையிலை போடுற கொட்டிலுக்கை குடியிருந்தம். எங்களோடை இன்னும் ஆறு குடும்பம். ஆர் தும்மினாலும் எல்லாருக்கும் தெரியும். அப்பிடியான இடத்திலைதான் நான் ஒரு பெரிய பொய்யை வைச்சுக் காப்பாத்திக்கொண்டிருந்தன்.

என்ரை மனிசன் கிறிஸ்துநாயகம் தொண்ணூற்றி ஒண்டு கார்த்திகையிலை கடலுக்குப் போனவர், திரும்பி வரேல்லை. கூடப் போன கனிசியஸ் மாத்திரம் எட்டாம் நாள் வந்து, நடந்ததை எனக்குச் சொன்னவன். அவற்றை தாய், மாமி லூர்த்தம்மா, அந்த நேரம் சாமான் வாங்கச் சங்கக்கடை வரிசையிலை நிண்டவ. அதுக்கு முதல் கிழமைதான் மாமிக்கு நெஞ்சுநோ வந்து, அதிர்ச்சியான சேதி ஒண்டும் காதிலை போட வேண்டாமெண்டு டொக்டர் சொல்லியிருந்தார். "இண்டைக்கு வேண்டாமடா, நாளைக்குச் சொல்லுவம்" எண்டு கனிசியஸின்ரை வாயைக் கட்டினன். அவன் அடுத்த கிழமை மன்னாருக்குப் போயிட்டான். நாளைக்கு, நாளையிண்டைக்கு எண்டு ரெண்டு வருஷமாகப் போகுது.

சும்மா மறைச்சாலும் பரவாயில்லை. "அவர் அக்கரையிலை, இந்தியாவிலை மண்டபம் அகதி முகாமிலை இருக்கிறாராம்" எண்டு சொல்லிப்போட்டன். பிறகு அந்தப் பொய்க்குக் கடிதம் வேண்டியிருந்தது. மாமிக்கு எழுத்துத் தெரியாது. ஒரு கொப்பித்தாளை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு, "அன்புள்ள அம்மாவுக்கு, நான் நல்ல சுகம்" எண்டு வாசிப்பன். தாளிலை ஒரு கோதாரியும் இராது. ஊரையெல்லாம் அழ வைக்கிறவள், செத்துப்போன சொந்த மனிசனுக்கு ஒரு ஆத்துமப் பூசை ஒப்புக்குடுக்க ஏலாமல், ஒரு சொட்டுக் கண்ணீர் விட ஏலாமல் திரிஞ்சன். அந்த மனிசன் பூசை இல்லாமல் கிடக்குதே எண்டு நினைக்க நினைக்க நெஞ்சு பத்தி எரியும்.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு நான் அச்சுவேலிக் கோயிலிலை பாடு வாசிச்சு முடிச்சு வெளியிலை வர, வாசலிலை ஒருத்தர் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். திருநீறு, கட்டைக் கை சேட்டு, மூக்கிலை வழுக்குற கண்ணாடி. நெல்லியடிக் கனகசபாபதி மாஸ்டர். பள்ளிக்கூடத்திலை விலங்கியல் படிப்பிச்சு ஓய்வெடுத்தவர், நல்ல படங்கள் பாக்கிறதுக்கெண்டு ஒரு வட்டம் நடத்திறவர். றோட்டாலை போகேக்கை என்ரை குரல் கேட்டு நிண்டிட்டாராம்.

"பிள்ளை, உம்முடைய குரல் எனக்கு வேணும்" எண்டார்.

"மீன் எண்டா நிறுத்துத் தருவன் மாஸ்டர். குரலை என்னெண்டு தாறது?" எண்டன்.

மனிசன் சிரிக்கேல்லை. றோட்டிலையே சைக்கிளைச் சாத்திப்போட்டுச் சொல்லத் துவங்கினார். அவர் அறுபதுகளிலை கல்கத்தாவிலை படிச்சவராம். அங்கை ஒரு பெரிய எழுத்தாளர் இருந்தவராம், மாஸ்டர் போறதுக்கு முன்னமே செத்துப்போனார். பேர் சொன்னார், என்ரை வாயிலை அது நுழையேல்லை, நான் வங்காளத்தார் எண்டுதான் சொல்லுறனான். அவற்றை ஒரு நாவலை ஆரோ படமா எடுத்து, மாஸ்டர் அதைக் கொட்டகையிலை ஏழு தரம் பாத்து, பிறகு அந்தப் புத்தகத்தை வாங்கி, வங்காளத்திலையிருந்து நேரை தமிழுக்கு எழுதி முடிச்சிருக்கிறார். அச்சடிக்கக் காசும் இல்லை, இப்ப காயிதமும் இல்லை. இருவத்தைஞ்சு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படத்தின்ரை கசெற் ஒண்டு கொழும்பிலையிருந்து கிளாலிக் கடலாலை வந்து சேர்ந்திருக்குது. ஆனா படம் வங்காளம். கீழை எழுத்தும் இல்லை.

"படம் ஓட ஓட நீர் என்ரை தமிழை வாசிக்க வேணும். ஜெனரேற்றர் இரைச்சலுக்கு மேலாலை கேக்கிற குரல் இந்தப் பகுதியிலை உமக்கு மட்டும்தான் இருக்கு" எண்டார்.

புகழ்ச்சிக்கு ஆர் மயங்காதவை? ஓம் எண்டிட்டன்.

அவர் தந்த கொப்பி நாலு. அதை வாசிக்கத் துவங்கினாப் பிறகுதான் ஏன்ரா ஒப்புக்கொண்டன் எண்டிருந்தது. என்ன கதை? ஒரு பெரிய ஆறு. ஆத்துக்கு நடுவிலை ஒரு மணல்திட்டு. திட்டிலை ஒரு தாயும் மகனும். ஒவ்வொரு மாரிக்கும் ஆறு திட்டை அரிச்சு அரிச்சு விழுத்தும். அவள் வீட்டைப் பிரிச்சு, மண்ணடுப்பைக் கிண்டி எடுத்துத் தலையிலை வைச்சுக்கொண்டு இன்னும் உள்ளுக்குப் போவாள். மகன் பட்டணத்துக்கு வேலைக்குப் போறான். தாய் துறையிலை வந்து வந்து பாக்கிறாள். சண்டை இல்லை, பாட்டு இல்லை, ஒரு வில்லன் கூட இல்லை. அவள் அடுப்பு ஊதுறதை மட்டும் அந்த மனிசன் ஒண்டரைப் பக்கத்துக்கு எழுதி வைச்சிருக்கிறார். "அவள் ஊதினாள். புகை வந்தது. மறுபடியும் ஊதினாள்."

"மாஸ்டர், அடுப்பு ஊதத் தெரியாதவளோ இவள்? ஒண்டரைப் பக்கம் ஊதுறாள்" எண்டு கேட்டன்.

"நீர் ஊதேக்கை என்ன நினைக்கிறனீர்?"

"புகை கண்ணுக்கை போகாட்டில் காணும் எண்டு நினைப்பன்."

"அதைத்தான் அவரும் எழுதியிருக்கிறார். அவளுக்கு நடக்கிற நேரத்தை அவர் வெட்டேல்லை. இந்த மனிசன்ரை கதைகளை வைச்சு நாலு பேர் ஒன்பது படம் எடுத்தவை பிள்ளை. ஆனா அதில்லை விஷயம். அவற்றை கதையை ஒருநாளும் தொடாதவன்ரை படத்திலையும் அவர் இருக்கிறார். ஒரு பொம்பிளை தண்ணிக்குடத்தோடை வாறாள். அவள் வந்து சேருமட்டும் கமரா பொறுத்து நிக்குதெண்டா, அந்தப் பொறுமை அவரிட்டைப் படிச்சது."

எனக்கு அது அப்ப விளங்கேல்லை. பெரிய மனிசர் கதைக்கிறார் எண்டு தலையை ஆட்டினன்.

ஒத்திகை ஒரு கூத்துத்தான். கரண்ட் இல்லாத காலம், ஜெனரேற்றருக்கு இருந்த மண்ணெண்ணெய் ஒருக்காப் படம் போடத்தான் காணும். அதாலை ஒத்திகைக்குப் படம் மாஸ்டர்தான். வளவுக்கை எழும்பி நிண்டு, "இப்ப தூரத்திலை ஆறு" எண்டு கையை விரிப்பார். "இப்ப அவளின்ரை கை மட்டும்" எண்டு விரலைக் காட்டுவார். சின்னத்தங்கம் அக்கா கிணத்தடியிலை நிண்டு சிரிச்சுச் சிரிச்சு வாளியைக் கிணத்துக்கை விட்டிட்டா. நான் பாடு வாசிக்கிற பழக்கத்திலை வசனத்தின்ரை கடைசியை இழுப்பன். மாஸ்டருக்குக் கோவம் மூக்கிலை நிக்கும்.

"அழாதையும்! வாசியும்! அவர் அழேல்லை, நீர் ஏன் அழுறீர்?"

"அழாமல் வாசிக்கிறதெண்டா ரேடியோக்காரரைக் கூப்பிடுங்கோ" எண்டு கொப்பியைப் பொத்தி வைச்சிட்டு எழும்பினதும் உண்டு. பிறகு அவர் ஒரு கிழமை வரமாட்டார். பிறகு ரெண்டு முருங்கைக்காயோடை வருவார்.

நான் கொட்டிலுக்கை தனிய இருந்தும் சத்தம் போட்டு வாசிச்சுப் பழகுவன். அங்கைதான் வினை வந்தது. மாமி பக்கத்திலை கீரை ஆய்ஞ்சுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பா. நாலாம் கொப்பியின்ரை கடைசி வரி இதுதான்: "துறையில் 'அம்மா' என்ற குரல் கேட்டது. அவளுடைய மகன் வந்துவிட்டான்." அதைக் கேட்ட முதல் நாளே மாமி கீரையைப் போட்டிட்டு நெத்தியிலை சிலுவை போட்டா.

"பாத்தியோ பிள்ளை, எங்கையோ இருக்கிற மனிசன் எங்கடை கதையை எழுதி வைச்சிருக்கிறான். உப்பிடித்தான் என்ரை மகனும் வந்து நிக்கப்போறான்."

அண்டையிலையிருந்து ஒவ்வொரு நாளும், "அந்தக் கடைசியை ஒருக்கா வாசி" எண்டு கேப்பா. நானும் வாசிப்பன். என்ரை வெறுந்தாள் கடிதம் காணாதெண்டு, இப்ப ஒரு பெரிய எழுத்தாளரும் வந்து என்ரை பொய்க்குச் சாட்சி சொல்லுறார். ஆனா உண்மையைச் சொல்லுறன், வாசிச்சு வாசிச்சு எனக்கும் ஒரு ஆசை வரத் துவங்கிச்சு. கனிசியஸ் இருட்டிலை சரியாக் காணேல்லையோ? ஆரும் வள்ளக்காரர் தூக்கியிருந்தா? இப்பிடி நினைச்சுப்போட்டு என்னை நானே பேசுவன்.

ஆவணி மாசம், ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்குப் படம். ஒரு ரியூட்டரிக் கொட்டிலைச் சுத்திச் சாக்கும் படங்கும் கட்டி இருட்டாக்கினவை. ஜெனரேற்றர்காரப் பஞ்சலிங்கம் இயந்திரத்தைக் கிணத்துக்கு அங்காலை ஒரு கிடங்குக்கை இறக்கி, பெற்றோல் ரெண்டு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயிலை ஓட விட்டான். கொட்டில் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை. ஒரு ரீவி, ஒரு டெக், இருநூறு சனம். படிச்ச ஆக்கள் பின்னுக்கு வாங்கிலிலை. குருநகர்ச் சனம் முன்னுக்குப் பாயிலை. மாமி முதல் வரிசையிலை, நல்ல சீலை கட்டிக்கொண்டு, என்ரை காலடியிலை. அவ வந்தது படம் பாக்க இல்லை, கடைசி வரி கேக்க. நான் ரீவிக்குப் பக்கத்திலை ஒரு ரோச் லைற்றோடை.

துவங்கினதும் பெரிய பகிடி. படத்திலை அந்த மகன் சின்னப் பெடியன், ஆத்தங்கரையாலை ஓடி வாறான், "மா! மா!" எண்டு கத்திக்கொண்டு. முன்வரிசையிலை ஒருத்தி, "ஐயோ பாவம், அங்கையும் மாவுக்குத் தட்டுப்பாடு!" எண்டாள். கொட்டிலே அதிர்ந்து போச்சு. அண்டைக்கு விடியத்தான் எல்லாரும் ஒரு கிலோ கோதம்பை மாவுக்கு வரிசையிலை அடிபட்டுப்போட்டு வந்திருந்தவை. "தம்பி, கூப்பன் அட்டை கொண்டு வந்தனியோ?" எண்டு இன்னொருத்தர் ரீவியைப் பாத்துக் கேக்கிறார்.

"வாயை மூடுங்கோ! மா எண்டா அவையளுக்கு அம்மா!" எண்டு நான் போட்ட சத்தத்திலை ஜெனரேற்றரும் ஒருக்கா நிண்டு ஓடினது.

சனம் அடங்கிச்சு. நான் வாசிச்சன். பெடியன் வளர்ந்தான், தாய் தண்ணி அள்ளினாள், ஆறு கரையைத் திண்டுது. அப்பதான் அந்த அடுப்பு வந்தது.

நான் சொல்லுறதை நீங்கள் நம்ப வேணும். நான் "அவள் ஊதினாள்" எண்டு வாசிக்க, அவள் ஊதினாள். "புகை வந்தது" எண்டன், வந்தது. "மறுபடியும் ஊதினாள்" எண்டு வாயெடுக்க முதல் அவள் குனிஞ்சிட்டாள். படம் எடுத்தவன் அந்தப் புத்தகத்தை மடியிலை வைச்சுக்கொண்டு, அந்த வரி எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் நிண்டிருக்கிறான், ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. நான் நக்கலடிச்ச அந்த ஒண்டரைப் பக்கம் கண்ணுக்கு முன்னாலை உயிரோடை இருக்குது. அவள் மகனை நினைக்கிறாள் எண்டு ஆரும் சொல்லேல்லை. ஆனா ஊதிப்போட்டு நிமிர்ந்து ஆத்துப்பக்கம் பாத்த பார்வையிலை எல்லாம் கிடந்தது.

மாஸ்டர் கொப்பியிலை சிவப்புப் பென்சிலாலை, "இங்கே வாசிக்கக் கூடாது" எண்டு சில இடங்களிலை கீறி வைச்சிருந்தவர். நான் கீறாத இடத்திலையும் நிப்பாட்டினன். திட்டு உடையுது, அவள் அடுப்பைச் சுத்தி விரலாலை மண்ணைக் கிளறுறாள், சட்டி தூக்கிற மாதிரி ரெண்டு கையாலையும் தூக்குறாள். நான் வாசிக்கேல்லை. பாயிலை இருந்த எங்கடை பொம்பிளையள் ஒருத்தியும் மூச்சு விடேல்லை. எல்லாரும் ஏதோ ஒண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினவைதானே. நான் என்ரை கலியாணப் பெட்டியை விட்டிட்டு அரிசி அரிக்கிற ஒரு அரிக்கன்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். ஏனெண்டு இண்டைக்கும் தெரியாது. பஞ்சலிங்கம் ஜெனரேற்றரை விட்டிட்டு வாசலிலை வந்து நிண்டு வாயைப் பிளந்துகொண்டு பாக்கிறான்.

இதை எழுதின மனிசன் செத்து நாப்பது வருஷம். எங்கடை பேர் தெரியாது, பாசை தெரியாது. குருநகர் எண்டு ஒரு இடம் இருக்குதெண்டு கனவிலும் கண்டிரான். எங்கையோ ஒரு மேசையிலை இருந்து எழுதினான், அதை ஒருத்தன் படமாக்கினான், ஒரு பெடியன் பாத்துக் கொப்பியிலை எழுதினான், இண்டைக்கு ஒரு மீன்காரி வாசிக்கிறாள். யேசுவே, ஒரு மனிசன்ரை எழுத்துக்கு இவ்வளவு தூரம் நடக்கக் காலிருக்குதோ எண்டு நினைச்சன். எனக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேணும் போலையும் இருந்தது.

கடைசிக் கட்டம் வந்தது. தாய்க்குத் தலை நரைச்சிட்டுது. திட்டிலை கொஞ்ச நிலம்தான் மிச்சம். அவள் அடுப்படியிலை இருக்கிறாள். ஆத்திலை துடுப்புச் சத்தம் கேக்குது. வள்ளத்தைக் காட்டேல்லை, அவளின்ரை முகம் மட்டும்தான். பிறகு துறையிலையிருந்து ஒரு ஆம்பிளைக் குரல்.

"மா!"

இந்தமுறை ஒருத்தரும் சிரிக்கேல்லை. அவள் மெதுவா எழும்பினாள். மாமி ரீவியிலையிருந்து திரும்பி என்ரை வாயைப் பாத்தா.

ரோச் வெளிச்சத்திலை வரி கிடக்குது: "அவளுடைய மகன் வந்துவிட்டான்." நான் வாயைத் திறந்தன். அந்த முகத்தைப் பாத்தன். அவள் நிக்கிறாள். பாக்கிறாள். ஓடேல்லை, சிரிக்கேல்லை, அழேல்லை. மகனைக் கண்ட தாய் இப்பிடி நிப்பாளோ? ஆர் எண்டு அவளுக்கே இன்னும் தெரியேல்லை. ஒருவேளை மகன். ஒருவேளை தண்ணி கேக்கிற வள்ளக்காரன். அந்த முகத்துக்கு மேலை இந்த வரியைப் போட என்ரை நாக்கு எழும்பேல்லை. வெறுந்தாளை வைச்சு ரெண்டு வருஷம் வாசிச்ச நாக்கு, எழுதி வைச்ச வரியை வாசிக்க மாட்டன் எண்டுது. படம் கறுத்து, வங்காள எழுத்து ஓடத் துவங்கிச்சு.

"என்ன மக்டலீன், வந்தவனோ இல்லையோ?" எண்டு சின்னத்தங்கம் அக்கா கத்தினா. "சொல்லுங்கோ! சொல்லுங்கோ!" எண்டு சனம். அந்தக் கொட்டிலுக்கை வீட்டுக்கு வராத ஆக்கள் இல்லாத குடும்பம் எத்தினை?

மாமி மட்டும் சத்தம் போடாமல் சொன்னா. "வாசி பிள்ளை. இன்னும் ஒரு வரி கிடக்கு."

"படத்திலை அது இல்லை மாமி" எண்டன். என்ரை குரல் எனக்கே கேக்கேல்லை.

மாஸ்டர் பின்னுக்கிருந்து எழும்பி வந்தார். கையிலை அந்த வங்காளப் புத்தகம், மட்டை போன புத்தகம். என்ரை ரோச்சை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பாத்தார், கனநேரம் பாத்தார். பிறகு சனத்துக்குச் சொன்னார்.

"பிழை என்ரை. ஏழு தரம் பாத்தும் நான் இதைக் காணேல்லை. மூலத்திலை இருக்கிற கடைசி வரி இவ்வளவுதான்: 'துறையில் யாரோ மா என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள்.' வங்காளத்திலை மா எண்டு பெத்த பிள்ளையும் கூப்பிடும், வழியிலை போறவனும் கூப்பிடுவான், எங்கடை ஆக்கள் எல்லாரையும் அம்மா எண்டுற மாதிரி. மகன் வந்தான் எண்டு அவர் எழுதவேயில்லை. கல்கத்தா விடுதியிலை இருந்து, வீட்டுக்குப் போக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த நான்தான் அந்த வரியைச் சேத்து எழுதிப்போட்டன். படம் எடுத்தவன் அவரை நம்பியிருக்கிறான். நான் நம்பேல்லை."

மனிசனுக்குக் கண் கலங்கினது. ஆனா அந்த முகத்திலை வெக்கத்திலும் பார்க்க வேறை ஒண்டு கூட இருந்தது. ஒரு பெரிய ஆளுக்கு முன்னாலை நிக்கிறவரின்ரை முகம். "என்ன மனிசனடா நீ" எண்டு புத்தகத்தைப் பாத்துச் சொன்னார்.

சனம் ரெண்டாப் பிரிஞ்சுது. "மகன்தான்" எண்டு பாதி, "வள்ளக்காரன்தான்" எண்டு மிச்சம். வாங்கிலிலை இருந்த படிச்ச ஆக்களும் பாயிலை இருந்த எங்கடை சனமும் ஒருத்தரை ஒருத்தர் மறிச்சு மறிச்சுக் கதைச்சுக்கொண்டு வெளிக்கிட்டினம். பஞ்சலிங்கம் ஜெனரேற்றரை நிப்பாட்டினான்.

நானும் மாமியும் தோட்டக் கரையாலை நடந்து வந்தம். வெயில் தாழ்ந்து, சிவப்பு மண்ணிலை தோட்டக்காரர் வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டினம். பாதி வழியிலை மாமி வாய்க்கால் வரம்பிலை நிண்டா.

"மெய்யே பிள்ளை" எண்டா. "மாஸ்டர் ஆசையிலை ஒரு வரி சேத்து எழுதினவராம்."

"ஓம் மாமி."

"நீ எத்தினை வரி சேத்தனீ?"

வரம்பிலை அப்பிடியே குந்தியிட்டன். சொல்ல வேண்டிய பொய் ஒண்டும் வாயிலை வரேல்லை. மாமியும் எனக்குப் பக்கத்திலை இருந்தா. நல்ல சீலையிலை சேறு பட்டதையும் பாக்கேல்லை.

"கடிதம் ஒண்டும் வரேல்லை, என்ன?"

"இல்லை மாமி."

"ஆர் உனக்குச் சொன்னது?"

"கனிசியஸ். அந்தக் கார்த்திகையிலையே வந்து சொன்னவன். உங்களுக்கு நெஞ்சுநோ…"

"ரெண்டு வருஷமோ?" எண்டா. "ரெண்டு வருஷமும் தனியவோ வைச்சிருந்தனீ? ஐயோ என்ரை பிள்ளை."

தன்ரை மகனை நினைச்சு அழ முதல் எனக்காக அழுதா அந்த மனுசி. எனக்கு அதைத் தாங்க முடியேல்லை. கோயிலிலை இராகம் இழுத்து வாசிக்கிறவள், அண்டைக்கு ஒரு இராகமும் இல்லாமல், மூக்குச் சளியோடை, குழந்தைப்பிள்ளை மாதிரிக் குழறினன். மாமி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பொறுத்திருந்தா. பிறகு முகத்தைத் துடைச்சுப்போட்டுச் சொன்னா.

"நாளைக்கு ஃபாதரிட்டைப் போய்ப் பூசைக்குக் குடுப்பம். இப்ப நடந்ததைச் சொல்லு. ஒண்டும் சேக்காதை."

நான் சொன்னன். "விடியப்புறம் மூண்டு மணி. மண்டைதீவுக்கு அங்காலை வலை இழுத்துக்கொண்டு நிண்டவை. நேவியின்ரை வெளிச்சம் வந்தது. இவர் இஞ்சினை இழுத்தவர், பிடிக்கேல்லை. ரெண்டாம் தரம் இழுக்கேக்கை சூடு விழுந்தது. கனிசியஸ் தண்ணிக்கை குதிச்சவன். இவர் வள்ளத்தின்ரை விளிம்பிலை சரிஞ்சு கிடந்தவர். பிறகு வள்ளம் கவிண்டுது. கனிசியஸ் மூண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டவன். சத்தம் வரேல்லை."

நாலு வீட்டுக்கு அங்காலை ஆரோ மா இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமி தண்ணியைப் பாத்துக்கொண்டிருந்தா.

"என்னைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ? கடைசியா, அம்மாவெண்டு?"

ஒரு வரிதான். "அம்மாவைப் பாத்துக்கொள்ளச் சொன்னவராம்" எண்டு ஒரே ஒரு வரி. என்ரை நாக்கு நுனி வரைக்கும் வந்து நிண்டுது. சொல்லியிருந்தா அந்தத் தாய்க்கு எவ்வளவு ஆறுதல்.

"இல்லை மாமி" எண்டன். "ஒண்டும் சொல்லேல்லை."